ஆவுடையப்பனின் சாகாத ஷூ

ஆவுடையப்பன் வாயைத் திறந்தால் புளுகுதான் வரும் என்று பாளையங்கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். வாயைத் திறக்காமலும் அவருக்குப் புளுகத் தெரியும். வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்க்கிற உத்தியோகம் அவருக்கு. மீட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் புருவத்தை மட்டும் லேசாகத் தூக்குவார். அந்த வீட்டுக்காரர் அன்றைக்கு ஃபேன் போடாமல் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

காலையில் மைதானத்தில் ஓடுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் கேலரிப் படியில் உட்கார்ந்து, பதினிக்காரர் ஓலைப் பட்டையில் ஊற்றித் தருகிற பதநீரைக் குடிப்பார்கள். பட்டையில் கடைசிச் சொட்டு தீருகிற வரைக்கும் அந்த நேரம் ஆவுடையப்பனுக்குச் சொந்தம். அவர் கதை சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். மெத்தைக்கடை மைதீன் பிச்சை மட்டும் சிரித்துக்கொண்டே குறுக்கே விழுந்து கேள்வி கேட்பார். அவர் கேட்காவிட்டால் ஆவுடையப்பனுக்கும் கதை ஓடாது.

அன்றைக்கு மட்டும் கதையில் மனசு இல்லை. தூத்துக்குடியில் வருஷா வருஷம், நாற்பத்தைந்து வயசு தாண்டியவர்களுக்கு ஒரு தொடர் ஓட்டம் நடக்கும். அணிக்கு நாலு பேர். ஆவுடையப்பனும் வருஷா வருஷம் வேனில் போவார். எல்லார் பையையும் பார்த்துக்கொள்வார், தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், திரும்பி வரும்போது குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைப்பார். ஓடுவதற்கு மட்டும் ஒருத்தரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ‘நான் ஓடட்டுமா?’ என்று அவரே கேட்டால், அதையும் ஒரு கதை என்று நினைத்துச் சிரித்துவிடுவார்கள். அது அவருக்கு வலித்தது. ஐம்பத்து மூன்று வயசாகிவிட்டது, இன்னும் எத்தனை காலம் அடுத்தவன் பையைத் தூக்குவது? இந்த வருஷம் நாலு பேரில் ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன். ஓர் இடம் காலி. அந்த இடம் அவருக்கு வேண்டும்.

இடம் கொடுக்க வேண்டியவர் எஸ்தர் டீச்சர். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், இந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் கோச். அவர் ஆவுடையப்பனின் காலையும் பார்க்கவில்லை, மூச்சையும் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றச் சொல்லி, கையில் வாங்கி, பக்கவாட்டில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது செத்துப் போச்சு.”

ஷூவில் மேலே துணி, கீழே ரப்பர், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மெத்தைக்கு மிட்சோல் என்று பெயர். ஷூவுக்கு உயிர் இருப்பது அங்கேதான். துணி கிழியாமல் இருக்கும், ரப்பர் தேயாமல் இருக்கும், நடுவில் இருப்பது மட்டும் சத்தமில்லாமல் செத்துப் போயிருக்கும். ஆவுடையப்பன் ஷூவின் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து, பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. டீச்சருடைய கட்டைவிரல் உள்ளே இறங்கவே இல்லை.

“செத்த ஷூவோட ஒருத்தரையும் நான் ரோட்டுல இறக்க மாட்டேன். போன வருஷம் ஒருத்தருக்குக் குதிகால் புடிச்சு, ஆறு மாசம் நொண்டுனது போதும். செல்வின் ஓடட்டும்.”

செல்வின் பல் டாக்டர். கூட்டத்தில் இளையவர், இப்போதுதான் நாற்பத்தைந்து தாண்டியவர், ஆரஞ்சுக் கலரில் புத்தம்புது ஷூ போட்டிருந்தார். அவர் கூச்சமாகத் தலையாட்டியதைப் பார்த்ததும், இந்த வருஷமும் பைதான் தூக்க வேண்டுமோ என்று ஆவுடையப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் மற்றவர்களுக்குச் சாமி பேர் வாயில் வரும். அவருக்கு வேறு வரும்.

“டீச்சர், இது மீட்டர் பாக்கப் போடுத ஷூல்லா? ஓட்டத்துக்குன்னு வீட்டுல ஒண்ணு தனியா இருக்கு. அதுக்குச் சாவே கெடையாது.”

மைதீன் பிச்சை பதினிப் பட்டையைக் கீழே இறக்கினார். “ஆரம்பிச்சிட்டாருய்யா.”

“ஓய் பாய், சிரிக்காதீரும். ஷூவுக்குள்ள வைக்குத எல்லா ஃபோமும் பாத்துட்டு வந்தவன் நான். முதமுதல்ல போட்டது இ.வி.ஏ. அது என்னங்கீரு? பொரி. பொரிக்குள்ள காத்து இருக்கும்லா, அதே மாதிரி உள்ள குட்டிக் குட்டியாக் காத்து. லேசா இருக்கும், மிதிச்சா சொகமா இருக்கும். ஆனா மிதிக்க மிதிக்க அமுங்கிக்கிட்டே போவும் பாத்துக்கிடுங்க. ஒரு கத்திரி வெயில்ல கே.டி.சி. நகர் பூராவும் மீட்டர் பாத்தேன். தார் ரோடு தோசக்கல்லாட்டம் கொதிக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவத் தட்டுதேன். எம் பொண்டாட்டி காந்திமதி தொறந்தா. நேரா பாக்கா, அங்கிட்டு பாக்கா, இங்கிட்டு பாக்கா. ‘தட்டுன சத்தம் கேட்டுது, ஆளக் காணுமே’ன்னு கதவச் சாத்தப் போறா. ‘ஏட்டி, கீழ பாரு’ங்கேன்! அம்புட்டு அமுங்கிட்டு!”

“ஷூதானவே அமுங்கும்? நீரு எப்படி அமுங்குனீரு?”

“அது அமுங்குன வேகத்துக்கு நானும் சேந்து அமுங்கிட்டேன். மறுநாள் வேட்டி கட்டுனா, அது தெருவக் கூட்டிக்கிட்டே வருது. ரெண்டு நாள் ஷூவக் கழத்தி ஆறப் போட்டேன். அதுவும் கொஞ்சம் உப்புச்சு, நானும் கொஞ்சம் உப்புனேன். ஆனா பழைய உசரம் வரல. கல்யாண போட்டோவுல பாரும், அவளவிட நான் எவ்வளவு உசரம்னு.”

“கல்யாண போட்டோவுல நீரு ஸ்டூல் மேல நிக்கீரு” என்றார் மைதீன் பிச்சை. “நான்தான் வந்திருந்தேன்லா.”

“ஆறப் போட்டா கொஞ்சம் மீளும்ங்கது மட்டும் நிஜம்” என்று எஸ்தர் டீச்சர் மற்றவர்களுக்காகச் சொன்னார். “ஒரே ஷூவத் தினமும் போடாதீங்க.”

டீச்சரே ஆமோதித்துவிட்டார் என்றதும் ஆவுடையப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. செல்வின் வேறு, தன் ஆரஞ்சு ஷூவை நீட்டி, “அதுக்குத்தான் அண்ணாச்சி நான் இந்த சூப்பர் ஃபோம் வாங்கினேன். என்னா துள்ளு துள்ளுது தெரியுமா?” என்றார்.

“டாக்டரு, கோவிச்சுக்கிடாதீங்க. அதையும் பாத்துட்டேன். என் மச்சினன் துபாய்ல இருந்து கொண்டாந்தான். போட்டு, வாசல்ல ஒரு எட்டுதான் வச்சேன். எதுத்த வீட்டு மாடி பால்கனியில நிக்கேன்! துணி காயப் போட்டுட்டிருந்த அம்மா, ‘சார், மீட்டர் கீழ இருக்கு’ங்காக. ‘தெரியும்மா, இறங்கும்போது பாத்துக்கிடுதேன்’னு சொல்லி முடிக்கல, அடுத்த தெருவுல இருக்கேன். நாலு நாள் வேல அன்னைக்குக் காப்பி ஆறுததுக்குள்ள முடிஞ்சிட்டு. மேலதிகாரிக்கே சந்தேகம் வந்துட்டு, வீட்டுல இருந்தே எழுதிட்டானோன்னு. ஆனா அந்த ஃபோமுக்குத் துள்ளல் ஜாஸ்தி, ஆயுசு கம்மி. மத்தியானம் ஹைகிரவுண்டு பக்கம் ஒரு எகிறு எகிறுனேன், தண்ணித் தொட்டி உசரம். மேல போவும்போது உசுரோட இருந்துச்சு. உச்சியில வச்சுப் பொசுக்குன்னு செத்துட்டு.”

“ஐயையோ, அப்புறம்?” செல்வின் தன் ஷூவைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அப்புறம் என்ன? தொட்டியில ஏணி இருந்துச்சு. புடிச்சு இறங்கிட்டேன். அங்கன இருந்து விழுந்தும் எனக்கு ஒண்ணும் ஆகலன்னு புளுகவா செய்வேன்? நம்ம வாயில பொய் வராதுல்லா.”

மைதீன் பிச்சைக்குப் பதினி புரையேறிவிட்டது. ஒருவர் அவர் முதுகில் தட்டினார். ஆவுடையப்பன் அவருக்கு மூச்சு வருகிற வரை மரியாதையாகக் காத்திருந்தார். கேட்க ஆள் இல்லாமல் அடுத்ததை வீணாக்க அவருக்கு இஷ்டமில்லை.

“இப்ப வீட்டுல இருக்குதே, அது பி.யு. ஃபோமு. பாய், நீரு வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே சொல்லிருதேன். உம்ம கடை மெத்தையில இருக்கதும் பி.யு.தான். அது இதுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா மகன். இது ஷூவுக்குன்னே நெருக்கமா வார்த்தது. கொஞ்சம் கனம். ஆனா என்ன மிதி மிதிச்சாலும் அமுங்காது. ஒரு நாள் போட்டுக்கிட்டு நாங்குநேரி வரைக்கும் ஓடிட்டு வந்தேன். திருப்பிப் பாக்கேன், ஷூ தேயல. ரோடு தேஞ்சு போய்க் கெடக்கு!”

“ரோடா?”

“ரோடுதாம். நானும் விடல. தெனமும் ஓடுனேன். ரெண்டு பக்கமும் ஆழமாத் தடம் விழுந்துட்டு. ஐப்பசி மழை வந்துச்சு, அதுல தண்ணி ஓடுச்சு. அந்தத் தண்ணியில ரெண்டு போகம் நெல்லு வெளைஞ்சுது. ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் டேப்போட வந்து அளந்துட்டு, ‘இப்படி ஒரு கால்வாய் மேப்புலயே இல்லியே’ன்னு தலையச் சொறியுதாரு.”

“பேரு வச்சாங்களா?”

“வைக்காம? எடது ஷூ போன தடம் எடது கால்வாய். மத்தது வலது கால்வாய்.”

கேலரியே அதிர்ந்தது. ஆவுடையப்பனால் இப்போது நிறுத்த முடியவில்லை. சரிவில் இறங்குகிற சைக்கிள் மாதிரி கதை அவரைத் தூக்கிக்கொண்டு போனது. “இதுக்கே சிரிக்கீங்களே, காரையாறுல குளிக்கப் போனேன். ஷூவக் கரையில வச்சிருந்தேன். முதலை வந்து கவ்விட்டு. கடிக்கு, அமுங்குது. விடுது, உப்பிக்கிடுது. கடிக்கு, அமுங்குது. விடுது, உப்பிக்கிடுது. பொழுது சாயுத வரைக்கும் விடல. கடைசியில அந்த முதலைக்குப் பல்லு அம்புட்டும் கொட்டிட்டு. பொக்க வாயோட ஷூவக் கொண்டாந்து எங் காலடியில வச்சிட்டுப் போச்சு.”

“எங்க கிளினிக்குக்கு வரலியே அண்ணாச்சி” என்றார் செல்வின்.

“பல்லு இருக்கவனே உங்ககிட்ட பயந்துக்கிட்டுத்தான வாரான்? அது ஏற்கெனவே நொந்து போயி இருக்கு.”

எஸ்தர் டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் வேனில் சிரிக்கிற அதே சிரிப்பு. நுணலும் தன் வாயால் கெடும். இடம் கேட்க வந்தவர், தன் வாயாலேயே அதைச் செல்வினுக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

“டீச்சர், ஷூ நிஜமாவே இருக்கு” என்றார். எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

ஆனால் ஷூ நிஜமாகவே இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிக்கு வேனில் போனபோது வாங்கியது. ஊதா நிறம், ஓரத்தில் வெள்ளிக்கோடு. கடைக்காரர் அதன் பி.யு. மிட்சோலை மேஜைமேல் ஓங்கி ஓங்கி அடித்துக் காட்டி, ‘உங்க ஆயுசுக்கும் அமுங்காது’ என்று சத்தியம் செய்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த ஆவுடையப்பனுக்கு அதைத் தெருப்புழுதியில் இறக்க மனசு வரவில்லை. என்றைக்குத் தன்னைத் தூத்துக்குடி அணியில் சேர்க்கிறார்களோ அன்றைக்குத்தான் போடுவது என்று பீரோவில் வைத்தார். காந்திமதி நாலு மூலையிலும் பாச்சா உருண்டை போட்டாள். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, ஒரு பொட்டுச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ‘செருப்புக்குப் போயி யாராவது பொட்டு வைப்பாகளா?’ என்று அவள் சண்டை பிடிப்பாள். வருஷா வருஷம் அவரைக் கூப்பிடவில்லை. வருஷா வருஷம் ஷூவும் பீரோவுக்குத் திரும்பிப் போனது.

சிரிப்பு அடங்கியும் ஆவுடையப்பன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததை டீச்சர் கவனித்தார். “சரி அண்ணாச்சி. நாளைக்குக் காலையில அதப் போட்டுட்டு வாங்க. நீங்களும் செல்வினும் நாலு சுத்து ஓடுங்க. முதல்ல வாரவங்களுக்கு இடம்” என்றார்.

மறுநாள் கேலரியில் வழக்கத்தைவிடக் கூட்டம். புளுகு பிடிபடுகிற காட்சியைப் பார்க்க ஓடாதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆவுடையப்பன் பெட்டியைத் திறந்தார். ஊதா ஷூ புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. சிரிக்க வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் இறங்கியது. ஆனால் லேசாகப் பிசுக்கென்று ஒட்டியது போல இருந்தது. விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு அவர் திருப்பிக் கொடுக்க, ஆவுடையப்பன் காலில் மாட்டிக்கொண்டார்.

மைதீன் பிச்சை மட்டும் கிட்டே வந்து குனிந்து மோந்து பார்த்தார். “வே, எத்தன வருஷமா இது பெட்டிக்குள்ள இருக்கு?”

“ஒம்பது. ஒரு பொட்டு அழுக்குப் படல.”

“போடவே இல்லியா? நாங்குநேரி வரைக்கும் ஓடுனீரே?”

“அது மனசால ஓடுனது.”

மைதீன் பிச்சைக்கு முகம் மாறிவிட்டது. “ஆவுடையப்பன், நான் சொல்லுததக் கேளும். கழத்தி வையும். இ.வி.ஏ. மிதிச்சாத்தான் சாவும். பி.யு. சும்மா கெடந்தே செத்துரும். ஈரக் காத்து உள்ள புகுந்து அரிச்சிரும், வெளிய ஒண்ணும் தெரியாது. எங்க குடோன்ல மூலையில கெடந்த பழைய ஃபோம் ஒண்ண எடுத்தேன், கையிலயே மாவாக் கொட்டிட்டு.”

“நேத்து ஷூவே இல்லன்னு சிரிச்சீரு. இன்னைக்கு இருக்க ஷூவக் கழத்தச் சொல்லுதீரு. வயித்தெரிச்சலுக்கும் ஒரு அளவு உண்டும் பாய்” என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் கயிற்றை இறுக்கிக் கட்டினார். உண்மையைச் சொல்கிறவனை நம்பாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு அனுபவமானது.

டீச்சர் விசில் ஊதினார். முதல் சுற்றில் சொர்க்கம் தெரிந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்த கால் அல்லவா! செல்வின் பத்தடி முன்னால் துள்ளிக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டார். வெயிலிலும் மழையிலும் தெருத்தெருவாக நடந்த நெஞ்சு, அதற்கு அவசரம் தெரியாது.

இரண்டாம் சுற்றில் கெண்டைக்காலில் என்னமோ பொத்தென்று வந்து அடித்தது. இன்னொன்று அடித்தது. குனிந்து பார்த்தார். குதிகாலிலிருந்து மஞ்சளாக, உதிர் உதிராக, கேழ்வரகுப் புட்டு மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பினார். அவர் ஓடிவந்த தடம் முழுக்கத் தூள். இரண்டு காக்கைகள் இறங்கி, யாரோ நல்லவர் காலங்காத்தாலே சோறு வைத்திருக்கிறார் என்று கொத்திப் பார்த்து ஏமாந்தன. அடுத்த வளைவில் இடது ரப்பர் மொத்தமும் சப்பென்று கழன்று தனியே உருண்டு போனது.

அந்த நிமிஷம் ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வருஷம்! ஒரு எட்டுகூட வைக்காமல், பொட்டு வைத்துப் பாதுகாத்து, பீரோவுக்குள்ளேயே கொன்றுவிட்டார். நின்றுவிடலாமா என்று நினைத்தார். நின்றால் எல்லாரும் காலைப் பார்ப்பார்கள். பார்த்தால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். அப்போது அவர் புத்தியில் ஒரு யோசனை உதித்தது. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது உதித்திருக்காது. நிற்கிற காலைத்தானே பார்க்க முடியும்? வேகமாக ஓடுகிற காலை எவன் பார்க்க முடியும்? அப்படியானால் இன்னும் வேகமாக ஓடினால் ஒருத்தனுக்கும் தெரியாது!

ஓடினார். மூன்றாம் சுற்றில் வலது ரப்பரும் போனது. காலில் மிச்சம் இருந்தது மேல்துணியும், உள்ளே ஒட்டியிருந்த மெல்லிசு அட்டையும்தான். ஒவ்வொரு சரளைக் கல்லும் தன் பேர், ஊர் எல்லாம் சொல்லிக் குத்தியது. வேகம் குறைந்தால் கால் தெரிந்துவிடும் என்று இன்னும் பறந்தார். நாலாம் சுற்றில் செல்வினுக்கு மூச்சு இரைத்தது. ஷூ துள்ளியது, டாக்டர் துள்ளவில்லை. கடைசி வளைவில் ஆவுடையப்பன் அவரைத் தாண்டி, டீச்சரையும் தாண்டி, கேலரி ஓரத்தில் போய்த்தான் விழுந்தார். விழுந்ததும் முதல் காரியமாகக் காலை மடித்து வேட்டியால் மூடப் போனார். டிராயர் போட்டிருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மைதானத்தைச் சுற்றி மஞ்சள் தூள், கோலம் போட்ட மாதிரி தெளிவாகத் தெரிந்தது. செல்வின் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, ஆவுடையப்பனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “டீச்சர், அது ஒண்ணுமில்ல. என் வேகத்துக்குச் சூடு தாங்காம, பி.யு. அப்படியே ஆவியாயி—”

“அண்ணாச்சி” என்று டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தார். “ஷூ ரெண்டாவது சுத்துலயே செத்துப் போச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மிச்சம் ரெண்டு சுத்து ஓடுனது யாரு?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். கால்வாய் வெட்டிய வாய், தண்ணித் தொட்டி வரை எகிறிய வாய். எவ்வளவு துழாவியும் உள்ளே ஒரு புளுகும் அகப்படவில்லை.

“நாந்தான் டீச்சர்” என்றார். குரல் யாரோ வேற்று ஆளுடையது மாதிரி இருந்தது.

“அப்ப நீங்கதான் தூத்துக்குடிக்கு ஓடுதீங்க. ஷூ கடையில கெடைக்கும். இன்னைக்கே வாங்கி, இன்னைக்கே போட்டு அழுக்காக்குங்க. மறுபடியும் பெட்டியில வச்சீங்கன்னு தெரிஞ்சுது, காந்திமதி அக்காகிட்ட வந்து சொல்லிருவேன்.”

செல்வின் வந்து கையைக் குலுக்கினார். ஆவுடையப்பனுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. அதை மறைக்காமலே மைதீன் பிச்சை பக்கம் திரும்பினார்.

“பாய், நீரு சாட்சி. பாத்தீருல்லா? அடி இல்லாத ஷூவோட, சரளையில, ரெண்டு சுத்து ஓடி, நம்ம டாக்டர முந்தி... பாத்தீருல்லா?”

“ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்வே” என்றார் மைதீன் பிச்சை, அவருடைய உள்ளங்காலில் ஒட்டியிருந்த சரளையைத் தட்டிவிட்டபடியே. “ஆனா வெளிய எங்கயும் போயிச் சொல்லிறாதீரும். ஒரு பய நம்ப மாட்டான்.”